டிசம்பரில் வந்த ‘டிஃபர்’: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) அட்மிஷன் முடிவு வந்த மாலையில் போனில் வீடியோ எடுத்தபடி மகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்றீர்கள். முதல் வரியைப் படித்ததும் அவள் லேப்டாப்பை மெல்ல மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் எனக்கும் மனசு கனத்தது. அன்றிலிருந்து ‘கால்டெக்குக்குப் போட்டிருக்கலாம்’ (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) என்று அவள் அப்பா ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் வேதனையில்தான் சொல்கிறார். ஆனாலும் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மாடி அறைக்கு எல்லாம் கேட்கும்.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். டிஃபர் என்பது முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று தள்ளிவைப்பது, மறுப்பு அல்ல. மறுக்க நினைத்திருந்தால் அன்றே மறுத்திருப்பார்கள். டிசம்பரிலேயே ‘இல்லை’ என்ற பதில் பலருக்குப் போகிறது. உங்கள் மகளின் விண்ணப்பம் வழக்கமான ரெகுலர் சுற்றில் மற்றவர்களுடையதோடு சேர்த்து மறுபடி படிக்கப்படும். அதற்காக இதைப் பாதி வெற்றி என்றும் எண்ணிவிடாதீர்கள், அந்தச் சுற்றும் கடினமானதுதான். அங்கே இடம் இல்லை என்றே வைத்துக்கொண்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். கிடைத்தால் சந்தோஷம்.

அப்பாவின் ஆதங்கத்துக்கு வருகிறேன். எம்.ஐ.டி.யின் ஏர்லி ஆக்‌ஷன் எனும் முன்கூட்டிய சுற்று யாரையும் கட்டுப்படுத்தாது. நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்துவிட்டு, வேறு இடங்களுக்கும் முன்கூட்டியே போடலாம். கால்டெக் அப்படியல்ல. அங்கே இருப்பது ரெஸ்ட்ரிக்டிவ் ஏர்லி ஆக்‌ஷன். அதில் போட்டால், அரசுப் பல்கலைக்கழகங்களைத் தவிர அமெரிக்காவின் வேறு தனியார் கல்லூரி எதற்கும் முன்கூட்டிய சுற்றில் போட முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றை அவள் நவம்பரிலேயே தேர்ந்தெடுத்தாக வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்தாள், அது தவறில்லை. கால்டெக்கில் இளநிலை மாணவர்கள் நான்கு ஆண்டும் சேர்த்தே ஏறக்குறைய 1,000 பேர்தான். அங்கே போட்டிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ரெகுலர் சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம் வரை நேரம் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

‘இரண்டில் எது உசத்தி?’ என்று கேட்டிருக்கிறீர்கள். 2015 செப்டம்பரில் ஈர்ப்பு அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்த லைகோ ஆய்வகங்கள் இந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியவை. 2017-இல் அதற்கான இயற்பியல் நோபல் எம்.ஐ.டி.யின் ரைனர் வைஸுக்கும், கால்டெக்கின் கிப் தோர்ன், பேரி பாரிஷ் இருவருக்கும் போனது. அப்படிப்பட்ட இரண்டு இடங்களில் எது உசத்தி என்று தராசில் நிறுத்துப் பார்ப்பதில் பொருளில்லை. உங்கள் மகள் எங்கே தளராமல் படிப்பாள் என்று கேளுங்கள், அதற்குப் பதில் உண்டு.

கால்டெக் சின்ன ஊர் மாதிரி. மூன்று மாணவருக்கு ஒரு பேராசிரியர் என்ற விகிதம். எந்தத் துறை எடுத்தாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் படித்தே தீர வேண்டும். ஆண்டுக்கு மூன்று பருவங்கள். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பிடிப்பதற்குள் பருவமே முடிந்துவிடும். அதே சமயம் நம்பிக்கையின் மேல் நடக்கிற இடம்: பல தேர்வுகளை மாணவர்கள் தங்கள் அறையிலேயே, கண்காணிப்பாளர் இல்லாமல், நேரம் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள். முதல் இரண்டு பருவங்களுக்கு கிரேடு கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். நாசாவின் விண்கலங்களை உருவாக்கும் ஜே.பி.எல். ஆய்வகத்தை நடத்துவதும் கால்டெக்தான்.

எம்.ஐ.டி. பெரிது, இளநிலையில் மட்டும் சுமார் 4,500 பேர். அங்கேயும் அடிப்படை அறிவியல் கட்டாயம். நீச்சல் தேர்வுகூட உண்டு! ஆனால் கட்டடக்கலை, பொருளாதாரம், மேலாண்மை, இசை என்று பக்கத்துக் கதவுகள் நிறையத் திறந்திருக்கும். ஹார்வர்டில் போய்ப் பாடம் எடுக்கவும் வழியுண்டு. முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தவறினாலும் அது வெளியே போகும் மதிப்பெண் பட்டியலில் வராது. 1969-இல் மார்கரெட் மெக்விகர் தொடங்கிய யூராப் திட்டத்தில், முதலாண்டு மாணவரும் ஆய்வகத்தில் உண்மையான ஆராய்ச்சியில் சேரலாம்.

அடிப்படை அறிவியல்தான் வாழ்க்கை என்று உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு கால்டெக். ஆர்வம் நாலாபக்கமும் வழிகிற பிள்ளைக்கு எம்.ஐ.டி. இது என் அனுபவத்தில் நான் வைத்திருக்கும் கணக்கு. இயற்பியல்தான் என்று சொல்கிற உங்கள் மகள், கோடை முழுக்க உட்கார்ந்து நூலகத்துக்கு ஒரு ஆப் எழுதியிருக்கிறாள். அவள் முதலில் எம்.ஐ.டி.க்குப் போட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் முடிவு அவளுடையது. கால்டெக்கின் கட்டுரைக் கேள்விகள் அறிவியல் ஆர்வத்தையே சுற்றிச் சுற்றிக் கேட்கும். அவற்றை எழுதும்போது நேரம் போவது தெரியாமல் எழுதுகிறாளா, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறாளா என்று கவனிக்கச் சொல்லுங்கள். அதுவே அவளுக்குச் சொல்லிவிடும்.

‘ஹார்வி மட் மாதிரி இடத்துக்கு இரண்டாவது ஏர்லி டிசிஷனில் போட்டுவிடலாமா?’ என்றும் கேட்டிருந்தீர்கள். அறிவியல், பொறியியலுக்கு நல்ல கல்லூரி. ஆனால் ஏர்லி டிசிஷன் என்பது, முதல் சுற்றோ இரண்டாவதோ, கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வாக்கு. கிடைத்துவிட்டால் எம்.ஐ.டி. விண்ணப்பம் உட்பட எல்லாவற்றையும் திரும்பப் பெற வேண்டும். மற்ற இடங்களின் நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. பயத்தில் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டாம். எம்.ஐ.டி. மார்ச்சில் கூப்பிட்டாலும் ஹார்வி மட்டுக்கே போவேன் என்று அவள் மனதாரச் சொன்னால் போடுங்கள். அதற்கு முன் அந்தக் கல்லூரி இணையதளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிட்டுக் காட்டும் கருவி) உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் உள்ள கட்டணத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம்: ஆண்டு வருமானம் 2,00,000 டாலருக்குக் கீழே உள்ள பெரும்பாலான குடும்பங்களுக்கு எம்.ஐ.டி.யில் 2025 முதல் கல்விக் கட்டணமே இல்லை.

ஒரு குறை சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஏழு பெயர். ஏழும் பத்தில் ஒருவருக்குக்கூட இடம் தராதவை. நிச்சயம் கிடைக்கும், போனால் சந்தோஷமாகப் படிப்பாள் என்று சொல்லக்கூடிய இரண்டு இடங்களை இந்த வாரமே சேருங்கள். உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கலாம். அதன் கடைசித் தேதியை இன்றே பார்த்துவிடுங்கள்.

அட்மிஷன் அலுவலகத்துக்கு நீங்கள் போன் செய்ய வேண்டாம். தெரிந்தவர்களிடமிருந்து கூடுதல் சிபாரிசுக் கடிதங்களும் வேண்டாம். டிஃபர் ஆனவர்களுக்கு பிப்ரவரியில் எம்.ஐ.டி. ஒரு சின்னப் படிவம் தரும். அரையாண்டு மதிப்பெண்ணும், நவம்பருக்குப் பின் நடந்த புதிய விஷயங்களும் போதும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன் அதில் பதினோரு சான்றிதழ்களை அடுக்கியிருந்தான். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். பள்ளி ஆய்வகத்தில் பழுதாகிக் கிடந்த நுண்ணோக்கியைப் பிரித்து, மூன்று வாரம் போராடி, கடைசியில் ஒரு சின்ன ஸ்பிரிங் மாட்டி ஓட வைத்ததை ஐந்து வரியில் எழுதினான். அந்த ஐந்து வரியில்தான் அவன் இருந்தான். உங்கள் மகளிடமும் அப்படி ஏதாவது இருக்கும். அதை நீங்கள் தேட வேண்டாம், அவளே எழுதட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பினால் போதும்.

எம்.ஐ.டி.யின் ரெகுலர் முடிவு வழக்கமாக மார்ச் 14 மாலை 6.28-க்கு வரும், ‘பை’யின் மதிப்பு 3.14, அதன் இரு மடங்கு 6.28. அன்று எப்படிப் பார்க்க விரும்புகிறாள் என்று மகளிடம் இப்போதே கேட்டுவையுங்கள். தனியாக என்றால் தனியாக. தோழி வீட்டில் என்றால் அங்கே. கூடவே இருங்கள் என்று கூப்பிட்டால் பக்கத்தில் போய் உட்காருங்கள், போனை மட்டும் சமையலறையிலேயே வைத்துவிட்டு.