அக்கா, பேப்பர் படிச்சா தலை சுத்துது!

கேள்வி: அக்கா, நான் திருவொற்றியூர். எம்.எஸ்சி. என்விரான்மென்ட் முதல் வருஷம், ஸ்கூல்ல தமிழ் மீடியம். எண்ணூர் முகத்துவாரத்துல அனல்மின் நிலையச் சாம்பல் படியறத பத்தி இங்கிலீஷ்ல ஒரு ஆராய்ச்சி பேப்பர் படிச்சு நாலு பக்கம் எழுதிட்டு வரச் சொன்னாங்க. வார்த்தைக்கு வார்த்தை டிக்‌ஷனரி பாத்தும் மூணு மணி நேரத்துல ஒரு பக்கம் தாண்டல. எங்கப்பா அங்கதான் வலை போடறாரு, அவரு சொன்னா புரியுது, பேப்பர்ல அதுவே புரிய மாட்டுது. எழுதினதுலயும் 38 பர்சென்ட் காப்பின்னு சாஃப்ட்வேர்ல ரிப்போர்ட் வந்துடுச்சு. சத்தியமா வார்த்தைய மாத்தித்தான் போட்டேன்.
- ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, டிக்‌ஷனரிய மூடு மொதல்ல. உன் பிரச்சினை வார்த்தை இல்ல, வெர்ப். தமிழ்ல வினை கடைசில வரும், அதனால கடைசி வரைக்கும் காத்திருந்தே நமக்கு பழக்கம், இங்கிலீஷ்ல அது நடுவுல எங்கயோ ஒளிஞ்சிருக்கும். ‘தி மெட்டல் லெவல் இன் சாம்பிள்ஸ் கலெக்டட் ஃப்ரம் தி க்ரீக் டூரிங் தி மான்சூன் வாஸ் ஹை’ன்னு ஒரு வரி வருதுன்னு வை, நீ ‘கலெக்டட்’தான் வெர்ப்னு நெனச்சு அங்கயே மாட்டிக்குவ, ஆனா நெஜ வெர்ப் அந்த ‘வாஸ்’, அதுக்கு முன்னாடி இருக்கற அத்தனையும் சேந்து ஒரே எழுவாய். பென்சில்ல அந்த வெர்ப்ப மட்டும் வட்டம் போட்டுக்கினே போ, பாதி வரி தானா அவுந்துடும். (எனக்கு இத யாரும் சொல்லித் தரல, ரெண்டு அரியருக்கு அப்பாலதான் வெளங்குச்சு.)

மொதல் பக்கத்துலேந்து வரிசையா படிக்கணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது. அப்ஸ்ட்ராக்ட் (மொதல்ல இருக்கற சுருக்கம்), படம், டேபிள், கடைசில கன்க்ளூஷன், அப்பால மத்தது. வார்த்தைக்கு வேணும்னா ஆவரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா 2000-ல போட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கு, 570 வார்த்தைக் குடும்பம் (ஒரே வேர்லேந்து வர்ற வார்த்தைங்க சேந்து ஒரு குடும்பம்), எந்த சப்ஜெக்ட் பேப்பர்லயும் திரும்பத் திரும்ப வர்றதுங்க, நெட்ல ஃப்ரீ.

இன்னொண்ணு, ‘மே’, ‘சஜஸ்ட்’, ‘லைக்லி’ இதையெல்லாம் தாண்டிப் போயிடாத. உங்கப்பா ‘இன்னைக்கு மீன் பட்டாலும் படும்’னு சொல்றாருல்ல, அதேதான். சாம்பலால மீன் கொறஞ்சிருக்கலாம்னு பேப்பர் எழுதினவங்க சொன்னத நீ கொறஞ்சுடுச்சுன்னு எழுதினா அவங்க சொல்லாதத சொன்னதா ஆயிடும்.

இப்ப அந்த 38. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-ல காப்பி பத்தி கொண்டாந்த ரூல்படி தீசிஸ்ல 10 பர்சென்ட் வரைக்கும் தண்டனை இல்ல, 10-லேந்து 40 வரைக்கும்னா திருத்திட்டு ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் குடுக்கணும். உன்னுது வெறும் அசைன்மென்ட், அதுக்குப் போயி அழுவாத. ஆனா வார்த்தைய மாத்தறது மட்டும் சொந்தமா எழுதறது ஆவாது, வரியோட எலும்பு அப்படியே இருக்குல்ல. பேப்பர மூடி வச்சுட்டு ராத்திரி அப்பாகிட்ட தமிழ்ல சொல்லிப் பாரு, அவரு ‘இன்னா சொல்ற, வெளங்கல’ன்னாருன்னா உனக்கே வெளங்கலன்னு அர்த்தம், திரும்பப் படி. வெளங்குச்சுன்னா அந்த சூட்டோட இங்கிலீஷ்ல எழுது, கிராமர் அப்பால பாத்துக்கலாம். யாரோட பேப்பர், எந்த வருஷம்னு மட்டும் அங்கயே போட்டுடு, சொந்த வரின்னாலும் விஷயம் அவங்களுது. ‘அங்க அப்படி இல்லம்மா’ன்னு அப்பா எதையாவது மறுத்தாருன்னா அதையும் தனியா குறிச்சு வச்சுக்கோ, கிளாஸ்ல கேள்வியா கேக்கலாம்.

நாளைக்கே அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கினு மேடம்கிட்ட போ. கடைசில போடற ரெஃபரன்ஸ் லிஸ்ட்டையும் காப்பின்னு எண்ணியிருக்கலாம், அத கழிச்சுட்டு சாஃப்ட்வேர்ல ஓட்டினாங்களான்னு கேளு, இல்லன்னா கழிச்சு ஓட்டச் சொல்லு.