ஒரே துறைத் தளமா, பல்சுவைத் தளமா? தேடலில் எது கைகொடுக்கும்?

கேள்வி: மாடித்தோட்டம், சமையல், குடும்பச் சேமிப்பு ஆகிய மூன்றையும் பற்றி ஒரே தளத்தில் இரண்டு ஆண்டுகளாகத் தமிழில் எழுதி வருகிறேன். 90 கட்டுரைகள் இருந்தும் கூகுள் வழியாக வருகிறவர்கள் மிகக் குறைவு. மூன்று தனித் தளங்களாகப் பிரித்தால் கீவேர்டுகளில் (தேடுசொற்களில்) முன்னே வர முடியுமா?

பதில்: மூன்றாகப் பிரிக்காதீர்கள். ஒருவர் மூன்று தளங்களைப் பராமரித்தால் மூன்றும் அரைகுறையாகவே நிற்கும். மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இப்போதுள்ள தளத்தை அதற்கே உரியதாக ஆக்குங்கள் என்பதே என் ஆலோசனை.

2022 ஆகஸ்டில் கூகுள் கொண்டுவந்து, 2024 மார்ச்சில் தன் அடிப்படைத் தரவரிசை முறைக்குள்ளேயே சேர்த்துவிட்ட 'பயனுள்ள உள்ளடக்கம்' என்ற மதிப்பீடு, தனிப் பக்கத்தை மட்டுமன்றித் தளம் முழுவதையும் கருத்தில் கொள்வதாக வடிவமைக்கப்பட்டது. தளத்துக்கு முதன்மையான நோக்கம் ஒன்று உண்டா, ஏதாவது ஒன்று தேடலில் எடுபடட்டும் என்று பல பொருள்களில் எழுதிக் குவிக்கிறீர்களா என்று கூகுளின் வழிகாட்டுதலே கேட்கிறது. பணம், உடல்நலம் சார்ந்த பக்கங்களுக்குக் கண்டிப்பு இன்னும் கூடுதல் என்பதால், சேமிப்புக் கட்டுரைகள்தாம் உங்களுக்கு மிகவும் கடினமான களம்.

எதை வைத்துக்கொள்வது என்பதை ஊகித்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் கடந்த 16 மாதத் தரவு கிடைக்கும். எந்தத் துறையின் தேடுசொற்களுக்கு உங்கள் பக்கங்கள் பத்தாம் இடத்துக்கும் முப்பதாம் இடத்துக்கும் நடுவே நிற்கின்றன என்று பாருங்கள். அது மாடித்தோட்டமாக இருக்கும் என்றே நினைக்கிறேன், காரணத்தைச் சொல்கிறேன்.

தொட்டியில் வைத்த தக்காளியின் இலை சுருண்டிருப்பதைக் காலையில் பார்க்கும் ஒருவர், 'தக்காளி இலை சுருட்டல்' என்று தேடுகிறார். இலையைத் திருப்பி அடிப்புறத்தில் வெள்ளை ஈ இருக்கிறதா பாருங்கள், அதுதான் இலையைச் சுருள வைக்கும் வைரஸைப் பரப்புகிறது, நோய் முற்றிய செடியைப் பிடுங்கிவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடுங்கள் என்று நீங்கள் எழுதியிருந்தால், அவருடைய அடுத்த கேள்விகள் உடனே வரும்: வேப்ப எண்ணெயை எந்த அளவில் கலப்பது, அந்தப் பையின் மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா, அடுத்த முறை எந்த ரகம் வைப்பது? இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இணைப்புக் கொடுத்தால், அவர் மீண்டும் கூகுளுக்குப் போகவேண்டிய தேவையே இருக்காது. அந்த இடத்தில் சேமிப்புத் திட்டம் பற்றிய கட்டுரையைக் காட்டுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

'மாடித்தோட்டம்' என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் பெரிய பத்திரிகைத் தளங்களோடு மோத வேண்டாம். மூன்று நான்கு சொற்கள் கொண்ட குறிப்பான தேடல்களே உங்களுக்கு உரியவை. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஒருவர் 'மாடித்தோட்டம்' என்று ஒற்று மிகுந்து எழுதுவார், இன்னொருவர் 'மாடி தோட்டம்' என்பார், மற்றொருவர் அதையே ஆங்கில எழுத்துகளில் தட்டுவார். இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பக்கம் போடுவது வீண். ஒரே பக்கத்தின் தலைப்பிலும் உள்ளேயும் இயல்பாக வரும் வடிவங்களைப் பயன்படுத்தினால் போதும்.

பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு. எல்லாப் பொருளையும் பற்றி எழுதிவந்த அமெரிக்கத் தளமான அபௌட்.காம், 2016 முதல் உடல்நலத்துக்கு வெரிவெல், வீட்டுக்கு தி ஸ்ப்ரூஸ் என்று தன்னைப் பிரித்துக்கொண்டு, 2017இல் டாட்டேஷ் என்று பெயரையே மாற்றிக்கொண்டது. அதே 2017இல், பொருள்களைச் சோதித்துப் பரிந்துரைக்கும் வயர்கட்டர் தளம், வீட்டுப் பொருள்களுக்கென நடத்திய ஸ்வீட்ஹோம் என்ற தளத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிரித்தவர்களிடமும் சேர்த்தவர்களிடமும் துறைதோறும் எழுத ஆள் இருந்தார்கள். உங்களுக்கும் நாளை சமையலுக்குப் பொறுப்பேற்க ஒருவர் கிடைத்தால் தளத்தை அகலப்படுத்தலாம், அதுவரை வேண்டாம்.

துறையைக் குறுக்குவதிலும் ஓர் எல்லை வேண்டும். உட்கார்ந்து எழுதினால் குறைந்தது அறுபது கேள்விகளாவது தேறாத துறை, தளம் நடத்தப் போதாது. 'தொட்டியில் தக்காளி' அப்படிப்பட்டது, 'மாடித்தோட்டம்' அப்படியன்று. தேடுசொல்லையே டொமைன் பெயராக வைத்தால் முன்னே வரலாம் என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். அந்த வழியில் மேலேறிய தரமற்ற தளங்களை 2012 செப்டம்பரிலேயே கூகுள் கீழே தள்ளிவிட்டது. இப்போதைய பெயர் பொதுவானதாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சமையல், சேமிப்புக் கட்டுரைகளை ஒரே நாளில் அழித்துவிடாதீர்கள். வாசகர் வரும் சமையல் பக்கங்களைத் தனித் தளத்துக்கு மாற்ற விரும்பினால், பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும் நிரந்தர ரீடைரக்ட் கொடுத்து, குறைந்தது ஓராண்டாவது அதை விட்டுவையுங்கள். யாரும் வராத பக்கங்களை மட்டும் நீக்கிவிட்டு, முதல் மூன்று மாதங்களில் தக்காளி, கத்தரி, வெண்டை என்று ஒவ்வொரு செடிக்கும் மேலே சொன்னபடி ஒரு தொகுப்பு எழுதி முடியுங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்பே தொடங்கினால், ஜூலையில் விதைப்பைப் பற்றித் தேடத் தொடங்குகிறவர்கள் உங்கள் பக்கங்களைக் கண்டடைய வாய்ப்பு உண்டு.