எக்செல் சார்ட்டை வேர்டுக்குக் கொப்பி செய்தால் விளக்கப் பெட்டி வராமல் போவது

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கிளைகளின் மாதத் தொகையைச் சொல்லும் விளக்கப் பெட்டியைச் சார்ட்டில் வைத்திருக்கிறீர்கள்; வேர்டுக்குக் கொப்பி செய்தால் பெட்டி மட்டும் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் சார்ட்டைக் கிளிக் செய்துவிட்டு, பிறகு இன்சர்ட்டில் டெக்ஸ்ட் பாக்ஸை எடுங்கள். அப்போதுதான் பெட்டி சார்ட்டுக்குள் உட்காரும், வேர்டுக்கும் கூடவே வரும்.

உங்கள் பெட்டி ஷீட்டின்மேல் தனியாகக் கிடக்கிறது போல. சார்ட்டை இழுத்துப் பாருங்கள்; பெட்டி அசையாவிட்டால் அதுதான் காரணம்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கிளைகளின் தொகை மாதாமாதம் மாறுவதால் அதைக் கையால் அடிக்காதீர்கள், ஒரு மாதம் கட்டாயம் பழைய எண் போய்விடும். பெட்டியில் வர வேண்டிய வாக்கியத்தை ஒரு செல்லில் ஃபார்முலாவாக எழுதுங்கள். தொகையை டெக்ஸ்ட் (TEXT) ஃபங்ஷனுக்குள் வையுங்கள்; அது எண்ணை நாம் சொல்லும் வடிவில் எழுத்தாக மாற்றும். இல்லாவிட்டால் 1,250,000 என்பது 1250000 என்று நிற்கும். பிறகு பெட்டியின் விளிம்பைக் கிளிக் செய்து, ஷீட்டுக்கு மேலே உள்ள ஃபார்முலா பாரில் சமக்குறி போட்டு, அந்த செல்லைத் தொட்டு என்டர் அழுத்துங்கள். பெட்டிக்குள்ளேயே சமக்குறி அடித்தால் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும்.

இப்படி இணைத்த பெட்டியில் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்க முடியாது.