வாரை இழுத்தால் வேகமெடுக்கும் குதிரை

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆறு வயதுக் குதிரையைச் சவாரிக்கு வாங்கினேன். ஏறப் போனாலே நகர்கிறது. கடிவாள வாரை இழுத்தால் இன்னும் வேகமெடுக்கிறது. முரட்டுக் குதிரையா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: முரடெல்லாம் இல்லை, பழக்கம். பந்தயக் குதிரை பெரும்பாலும் இரண்டு வயதிலேயே ஓட வந்துவிடும். அங்கே ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிப்பார். குதிரை அதில் சாய்ந்துகொண்டுதான் ஓடும். நீங்கள் நிறுத்த இழுக்கிறீர்கள், அது 'சரி, கிளம்பலாம்' என்று எடுத்துக்கொள்கிறது. ஏறுவதும் அப்படித்தான். குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜாக்கியின் காலைத் தூக்கிவிட, அவர் தாவி உட்காருவார். அசையாமல் நிற்க அதற்கு யார் சொல்லித் தந்தார்கள்?

கொஞ்ச நாள் சவாரியை விடுங்கள். திறந்த வெளியில் மேயட்டும். ஓட்ஸையும் கொள்ளையும் படிப்படியாகக் குறைத்து, காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடுங்கள். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சகஜம். சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம் நீளக் கயிற்றில் இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றவிடுங்கள். ஒரே பக்கமாக வளைந்து ஓடிப் பழகியிருந்தால் மறுபக்கம் மரக்கட்டையாக இருக்கும். ஏறியபின் தொங்கி இழுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, வாரை லேசாகப் பிடித்து உடனே தளர்த்துங்கள். கேட்கவில்லையா, பெரிய வட்டமாகத் திருப்புங்கள்.

வெளியே போகும்போது நிதானமான வயதான குதிரை ஒன்று துணைக்கு இருந்தால் போதும். கூட்டம் வேண்டாம், பின்னால் குளம்புச் சத்தம் நெருங்கினால் பந்தயம் என்றே நினைத்துவிடும்.