குழந்தைக்கு வயிற்றுப்போக்கு: பெற்றோர் கேட்கிறார்கள், மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் வயிற்றுப்போக்கு பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கிய நோய்களில் இது ஒன்று. அப்படியிருந்தும், தொடக்கத்திலேயே சரியாகக் கவனித்தால் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே குணமாகிவிடுவார்கள்.

என் மகனுக்கு ஒன்றரை வயது, எடை 10 கிலோ. சென்ற மாதம் இரண்டு நாள் தண்ணீராகப் போனது. ஓஆர்எஸ் பவுடரை டம்ளருக்கு ஒரு ஸ்பூன் வீதம் கலந்து கொடுத்தேன். குடித்தும் பேதி நிற்கவில்லை. அடுத்த முறை வந்தால் நிறுத்துவதற்கு மாத்திரை கொடுக்கலாமா?
*வாசகி, திண்டுக்கல்*

முதலில் அந்த ஸ்பூன் கணக்கை விட்டுவிடுங்கள். பெரிய பொட்டலத்தில் சுமார் 21 கிராம் இருக்கும். அது முழுவதும் 1 லிட்டர் தண்ணீருக்கு. சுமார் 4 கிராம் உள்ள சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. எவ்வளவு தண்ணீர் என்பது உறையிலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்துக் கலக்குங்கள். பொட்டலத்தைப் பிரித்தால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டிவிட வேண்டும். பவுடரில் உள்ள உப்புகளும் குளுக்கோஸும் ஸ்பூனில் எடுக்கும்போது ஒரே விகிதத்தில் வரும் என்று சொல்ல முடியாது. கரைசல் கெட்டியானால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். நீர்த்துப்போனால் இழந்த உப்பு திரும்பக் கிடைக்காது.

கொதித்து ஆறிய தண்ணீரை அளந்து எடுங்கள். அளவு பாத்திரம் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். பவுடர் முழுக்கக் கரைந்ததும் ஒரு சொட்டு ருசித்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அளவு தவறிவிட்டது, கீழே ஊற்றிவிட்டு வேறு கலக்குங்கள். கலந்த பிறகு சூடாக்க வேண்டாம். பாலிலோ ஜூஸிலோ கலக்க வேண்டாம், சர்க்கரை சேர்க்கவும் வேண்டாம். 24 மணி நேரம் தாண்டினால் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

அளவு இதுதான்: ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மில்லி. கண் குழிந்து, நாக்கு வறண்டு, தாகத்தில் டம்ளரைப் பிடுங்கிக் குடிக்கிறான் என்றால் நீரிழப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அப்போது கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் மகனின் எடைக்கு அது 750 மில்லி. இதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ செவிலியர் பார்வையில் செய்வது நல்லது.

இனி நிறுத்தும் மாத்திரை. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் மருந்தே அல்ல. வெளியே போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. பேதி தானாக மூன்று முதல் ஏழு நாளில் அடங்கும். அதுவரை குழந்தை வற்றாமல் இருந்தால் ஆபத்து பெரும்பாலும் கடந்துவிடும். லோபரமைடு போன்ற மாத்திரைகள் குடலின் அசைவைக் கட்டிப்போடும். போக்கு நின்றதுபோல் தெரியும், ஆனால் நீர் குடலுக்குள்ளேயே தேங்கும், வயிறு உப்பும், கிருமியும் உள்ளேயே தங்கும். சிறு குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். மலத்தில் ரத்தம் வந்தாலோ காலரா என்று சந்தேகித்தாலோ மருத்துவர் எழுதித் தருவார். வெறும் தண்ணீர்ப் போக்குக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம், அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது.

வாயில் வைத்ததும் வாந்தி எடுத்துவிடுகிறாள். டிரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும் என்கிறார் என் மாமனார்.
*வாசகி, கடலூர்*

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு டம்ளரை எடுக்காமல் டீஸ்பூனை எடுங்கள். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால்கூட ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். தாகத்தில் குழந்தை மடமடவென்று குடித்தால் வயிறு சட்டென்று விரிந்து வாந்தி வரும். அதனால்தான் ஸ்பூன், சிறு குழந்தைக்குப் பாலாடை. பொறுமை தேவைப்படும் வேலை, வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி உட்காருங்கள். வாந்தி எடுத்தாலும் குடித்தது முழுவதும் வெளியே வந்துவிடுவதில்லை, ஒரு பகுதி குடலுக்குள் இறங்கியிருக்கும்.

குடலின் உட்சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் வாசல்கள் உள்ளன. அவை உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். கடுமையான பேதியிலும் இந்த வாசல்கள் வேலை செய்வதை நிறுத்துவதில்லை. ஓஆர்எஸ் பவுடரில் இரண்டையும் (எடையில் அல்ல, துகள்களின் எண்ணிக்கையில்) சம அளவில், லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் வைத்திருப்பது இதற்காகத்தான். வெறும் தண்ணீருக்கு இந்த வாசல் திறக்காது.

உங்கள் மாமனாரிடம் 1971-ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையிலுள்ள பொங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு நான்கு பேருக்கும் கீழே இறங்கியது. மறைவுக்குப் பின் 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. வாயால் குடிக்க முடிகிற குழந்தைக்கு டிரிப்ஸ் கூடுதலாக எதையும் செய்துவிடாது. கடுமையாக நீர் வற்றிய, மயங்கிக் கிடக்கும், குடிக்கவே முடியாத, அல்லது ஸ்பூனில் கொடுத்தும் விடாமல் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு மட்டும் அது அவசியம்.

மருந்துக் கடையில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் அட்டைப் பெட்டியில் ஓஆர்எஸ் விற்றார்கள். பிள்ளைகள் அதைத்தான் விரும்பிக் குடிக்கிறார்கள்.
*வாசகர், ஓசூர்*

விரும்பிக் குடிப்பது அதிலுள்ள சர்க்கரைக்காக. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையலுப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம். சுவையூட்டிய பானங்கள் பலவற்றில் சர்க்கரை இதைப்போலப் பல மடங்கு, உப்பு மிகக் குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் குளுக்கோஸ் பவுடர் கரைத்த தண்ணீரும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

இந்த அளவில் தயாராகாத பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. எத்தனையோ பெற்றோர் ஏமாந்த பிறகு வந்தாலும் மிக அவசியமான உத்தரவு அது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பவுடர் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடு இரவில் தேடி அலையாதபடி வீட்டில் இரண்டு வாங்கி வையுங்கள்.

பொட்டலம் கைக்கு வரும்வரை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர் கொடுக்கலாம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு; மற்றவற்றோடு சேர்த்துக் கொடுக்கலாம், அதை மட்டுமே நம்பக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இவை எதுவும் வேண்டாம், தாய்ப்பாலும் ஓஆர்எஸ்ஸும் போதும்.

பேதி நின்றுவிட்டது. ஜிங்க் மாத்திரையை 14 நாளும் கொடுக்க வேண்டுமா?
*வாசகி, பட்டுக்கோட்டை*

கொடுக்க வேண்டும். பேதியில் உடம்பிலுள்ள ஜிங்க் எனும் துத்தநாகமும் வெளியேறிவிடுகிறது. அதை ஈடுகட்டினால் குடலின் உட்சுவர் சீக்கிரம் ஆறும், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் மறுபடி பேதி வருவதும் குறையும். பாதியில் நிறுத்தினால் அந்தப் பின்பலன் கிடைக்காது. நம் அரசுத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 2 முதல் 6 மாதம்வரை பாதி மாத்திரை. ஸ்பூனில் தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ விட்டுக் கரைத்துக் கொடுங்கள். அரை மணிக்குள் கக்கிவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். சிரப் ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பேதியின்போது சோறு, பால் நிறுத்த வேண்டுமா?
*வாசகர், சிவகாசி*

வேண்டாம். தாய்ப்பாலைக் கூடுதலாகவே கொடுங்கள். இட்லி, குழைந்த பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய், தயிர்ச் சாதம், மசித்த வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு மணிக்கு ஒரு தடவை கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறுவது தாமதமாகும், எடையும் இறங்கும். நின்ற பிறகு இரண்டு வாரம் தினம் ஒருவேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

ஏழு மாதக் குழந்தை. பல் முளைக்கிறதால் பேதி என்றார்கள். உச்சிக்குழி பள்ளமானதும், உரம் விழுந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார் என் அத்தை.
*வாசகி, விழுப்புரம்*

பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தமில்லை. பல் முளைக்கும் வயதில்தான் குழந்தை தவழ்ந்து, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, இணை உணவும் அப்போதுதான் தொடங்குகிறது. கிருமி உள்ளே போகும் வழி அது.

உச்சிக்குழி பள்ளமானதை உங்கள் அத்தை சரியாகவே கவனித்திருக்கிறார். அது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டுவதாலோ உச்சியில் எண்ணெய் வைப்பதாலோ அது மேலே வராது, ஓஆர்எஸ் உள்ளே போனால் வரும். உருட்டுவதிலும் தலைகீழாகப் பிடிப்பதிலும் குழந்தைக்கு அடிபடலாம், அதைவிட முக்கியமாக நேரம் வீணாகும். தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால் கடும் நீரிழப்பு, அப்போதே 108-ஐ அழைக்க வேண்டும். போகும் வழியெல்லாம், விழித்திருந்து விழுங்க முடிகிற குழந்தைக்கு, ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

குழந்தை எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, அழும்போது கண்ணீர் வராதது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் வேறு அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். இன்னொன்றும் உண்டு: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, இடையில் சோர்ந்து, பிறகு சிவப்பு ஜெல்லிபோல் மலம் போனால் குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

ரோட்டா சொட்டு மருந்து போட்டும் என் மகளுக்குப் பேதி வந்ததே?
*வாசகர், தாம்பரம்*

வரலாம். பேதியை உண்டாக்கும் கிருமிகள் பல, இந்த மருந்து ரோட்டா வைரஸை மட்டும் எதிர்க்கும். அதிலும் முக்கியப் பலன், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றாமல் காப்பது. 2016 முதல் படிப்படியாக அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்துவிட்டது, 6, 10, 14 வாரங்களில் இலவசமாகத் தருகிறார்கள். முதல் தவணை தவறிவிட்டால் ஒரு வயது நிறைவதற்குள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

மற்ற கிருமிகளுக்கு வழி, மலம் கழுவிவிட்ட பிறகும் ஊட்டுவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான். பால் பாட்டிலை முடிந்தால் விட்டுவிடுங்கள். ரப்பரின் உள்மடிப்பில் தங்கும் பால் எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கப் போவதில்லை. கிண்ணமும் ஸ்பூனும் கழுவ எளிது.