குதிரை வேண்டும், ஏறினால் அழுகை!

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. குதிரை ராட்டினத்தை எங்கே பார்த்தாலும் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். தீவுத்திடல் பொருட்காட்சியில் டிக்கெட் வாங்கி ஏற்றினோம். சுற்ற ஆரம்பித்ததும் வீறிட்டு அழ, பாதியில் நிறுத்தி இறக்கினார்கள். இறங்கியதுமே ‘இன்னொரு வாட்டி’ என்கிறாள்! நாலு தடவை அழவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் வீட்டுக்காரர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அழ அழ உட்கார வைக்கிற யோசனையை முதலில் விட்டுவிடுங்கள், சகோதரி. ‘நான் அழுதாலும் யாரும் இறக்கிவிட மாட்டார்கள்’ என்பதைத்தான் பாப்பா அதிலிருந்து தெரிந்துகொள்வாள். அவள் ஆசையும் நிஜம், பயமும் நிஜம். கீழே நின்று பார்க்கும்போது குதிரை மட்டும்தான் தெரிகிறது. ஏறிய பிறகுதான் அது மேலே தூக்கும் என்பதும், அம்மா முகம் கண்ணைவிட்டு மறையும் என்பதும் தெரிகிறது.

அதனால் அடுத்த முறை டிக்கெட் வாங்கும் முன் ஒரு ஆட்டம் முழுக்க நின்று பாருங்கள். பெரிய ராட்டினமாக இருந்தால் கூரைக்கடியில் நடுவிலிருந்து விளிம்பு வரை வளைந்து வளைந்து இரும்புத் தண்டுகள் ஓடும். ராட்டினம் சுற்றச் சுற்ற அவையும் உருளும். வளைவு மேலே வந்தால் அதில் தொங்கும் குதிரை எழும்பும், கீழே வந்தால் இறங்கும். நீராவி எஞ்சினில் ராட்டினம் ஓட்டிய 19ஆம் நூற்றாண்டிலிருந்து இதே சூட்சுமம்தான். ஏதாவது ஒரு குதிரையைக் காட்டி, ‘இப்போ மேலே, இப்போ கீழே’ என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். எப்போது தூக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம் இடம். பிள்ளைகள் கண் முதலில் போவது வெளி வரிசைக் குதிரைமேல்தான். வேகமும் அங்கேதான் அதிகம். நடுவிலிருந்து 12 அடி தள்ளியிருக்கும் குதிரை ஒரு சுற்றுக்குச் சுமார் 75 அடி ஓடினால், 6 அடியில் இருப்பது அதே நேரத்தில் 38 அடிகூட ஓடாது. உள் வரிசையில், ஏறி இறங்காமல் நிற்கிற குதிரை இருக்கிறதா என்று பாருங்கள். பெஞ்சோ ரதமோ இருந்தால் இன்னும் நல்லது, மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. 1955இல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது அங்கே ராட்டினத்தில் எல்லாமே துள்ளுகிற குதிரையாக இருக்க வேண்டும் என்று வால்ட் டிஸ்னி ஆசைப்பட்டார். பிற்காலத்தில் அதிலும் உட்கார ஒரு பெஞ்ச் போட்டார்கள்.

குதிரையில்தான் ஏறுவேன் என்றால் நீங்களோ வீட்டுக்காரரோ கூடவே ஏறி, இடுப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நில்லுங்கள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், கம்பியில் சிக்கினால் ஆபத்து. பெரியவர்களை ஏற்றாத ராட்டினம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். அழுதால் ஓட்டுபவருக்குக் கை காட்டுங்கள். மோட்டார் ராட்டினம் சட்டென்று நிற்காது, சுற்றிக்கொண்டிருக்கும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிடாதீர்கள்.

டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் ராட்டினத்துக்கு அப்புறம். காதுக்குள் இருக்கும் திரவம் ராட்டினம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருக்கும். அதுதான் தலைசுற்றல். இறங்கியதும் ஒரு நிமிடம் தோளில் போட்டுக்கொண்டு, அப்புறம் தரையில் விடுங்கள்.

என்னைக் கேட்டால், பொருட்காட்சிக்கே போக வேண்டாம். திருவொற்றியூர் தேரடிப் பக்கமோ உங்கள் தெருவிலோ கையால் தள்ளிச் சுற்றுகிற சின்ன ராட்டினம் வந்தால் அதில் ஆரம்பியுங்கள். குதிரை எழும்பாது, அம்மா முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ‘அண்ணே, மெதுவா’ என்றால் மெதுவாகத் தள்ளுவார், ‘போதும்’ என்றால் அங்கேயே பிடித்து நிறுத்துவார். ‘போதும்’ என்று சொல்கிற உரிமையைப் பாப்பாவிடமே கொடுங்கள். ஒரே சுற்றில் சொன்னாலும் இறக்கிவிடுங்கள், கொடுத்த காசைப் பார்க்காதீர்கள்.

மாமியார் சுற்றிப் போட விரும்பினால் போடட்டும், உப்பும் மிளகாயும்தானே செலவு. ‘புள்ள பயந்துடுச்சு’ என்று பாப்பா காதுபட அக்கம்பக்கத்தில் சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். அதை வீட்டுக்காரரைவிட்டுச் சொல்லச் சொல்வது உங்களுக்கு நல்லது.