சின்ன டேப், சின்ன பட்ஜெட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

எட்டு அங்குலத்தை ஒட்டிய டேப்லெட்டுகளைப் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2012-இல் கூகுளின் நெக்சஸ் 7 வந்த காலம் தொட்டு இந்த அளவில் ஒரு டேப் எப்போதும் என் கையில் உண்டு. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தவை பத்துக்கு மேல் இருக்கும். சில ஆறு வருடம் உழைத்தன, சில ஆறே மாதத்தில் மேஜை இழுப்பறைக்குள் போய்விட்டன. அந்த வித்தியாசம் எதனால் வந்தது என்பதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் போனே 6.7 அங்குலம். 8.7 அங்குல டேப் வாங்கினால் இரண்டு அங்குலம்தானே கூடுதல்? அதற்கு ஏன் தனியாகச் செலவு?

பதில்: திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. போன் ஒல்லியும் நெட்டையுமாக இருப்பதால் அந்த எண் பெரிதாகத் தெரிகிறது. பரப்பளவைப் போட்டுப் பாருங்கள்: உங்கள் போன் திரை சுமார் 17 சதுர அங்குலம், டேப் 33. கிட்டத்தட்ட இரட்டிப்பு. வாசிப்புக்கு அகலம்தான் முக்கியம், அது 2.75 அங்குலத்திலிருந்து 4.5 அங்குலமாகிறது. போனில் நாலு சொல்லுக்கு ஒருமுறை மடிந்துபோகும் பத்தி, டேப்பில் அச்சுப் புத்தகம் போல ஓடும். வீடியோவில் வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் நெட்டைப் போனைப் படுக்கவைத்தால் படத்துக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்துவிடும்.

நாளுக்கு அரை மணி நேரம்கூட படிக்கவோ பார்க்கவோ போவதில்லை என்றால் வாங்காதீர்கள். போனே போதும்.

கேள்வி: 3 ஜிபி ரேம் போதும் என்கிறார் ஒருவர், 8 வேண்டும் என்கிறார் இன்னொருவர். '4+4' என்றும் போடுகிறார்களே, அது என்ன?

பதில்: ரேம் என்பது திறந்திருக்கும் ஆப்களை டேப் தாங்கி வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். 4 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். முடிந்தால் 6 அல்லது 8. ரேமை பிறகு கூட்ட வழியில்லை; வாங்கும் அன்று இருப்பதுதான் கடைசிவரை.

3 ஜிபி டேப்பில் என்ன நடக்கும்? ஒரு நீளக் கட்டுரையைப் பாதிவரை படித்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் செய்தி வரும், பதில் போட்டுவிட்டுத் திரும்புவீர்கள். பக்கம் வெள்ளையாகி, முதலிலிருந்து மறுபடி லோட் ஆகும். விட்ட இடத்தைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரே நாளில் இருபது முறை இப்படி ஆனால் டேப்பைத் தொடவே மனம் வராது. இழுப்பறைக்குள் போன டேப்களில் பாதி இந்தக் காரணத்தால்தான் போயின.

'4+4' என்பதில் இரண்டாவது 4, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கி ரேம் போல ஓட்டுவது. விலை குறைந்த டேப்பின் சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. கூட்டல் குறிக்கு முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இதில் நானும் ஏமாந்திருக்கிறேன். பெயர் கேள்விப்படாத ஒரு பிராண்டு. 12 ஜிபி என்று பெட்டி மேலேயே பெரிதாகப் போட்டிருந்தது. செட்டிங்ஸைத் திறந்தாலும் 12 என்றே காட்டியது. வன்பொருளைப் படித்துச் சொல்லும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் 4 தான். செட்டிங்ஸ் பக்கத்தையே மாற்றி எழுதி அனுப்பியிருந்தார்கள். அதன் பிறகு, பெரிய பிராண்டின் சாதா டேப்பைவிடக் குறைந்த விலையில் இரட்டிப்பு ரேம் தருவதாக எவர் சொன்னாலும் அந்தப் பக்கம் போவதில்லை.

கேள்வி: எல்லாவற்றிலும் 'ஆக்டா கோர்' என்றே இருக்கிறது. பிறகு எதை வைத்து வேகத்தைக் கண்டுபிடிப்பது?

பதில்: கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதி, 'ஆக்டா' என்றால் எட்டு. அந்த எட்டும் ஒரே தரம் இல்லை. மீடியாடெக் ஹீலியோ பி22டி சிப்பில் எட்டுமே ஏ53 என்ற சிறிய கோர்கள். ஹீலியோ ஜி99-இல் ஆறு சிறியவை, இரண்டு ஏ76 என்ற பெரியவை. ஆப் திறப்பதும் பக்கம் உருட்டுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு பெரிய கோர்களின் உழைப்பு. ஹீலியோ ஜி80, யூனிசாக் டி606 இரண்டிலும் ஏ75 இரண்டு உண்டு. அன்றாட வேலைக்கு ஓடும். சிப்பின் பெயரைத் தேடி, பெரிய கோர் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். எட்டும் ஏ53 என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 32 ஜிபி சேமிப்பகம் வாங்கி மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். படம், பாட்டு, புத்தகங்களை கார்டில் வைக்கலாம். ஆனால் ஆப்கள் பெரும்பாலும் உள் சேமிப்பகத்தில்தான் உட்காரும். 32-இல் சிஸ்டம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது சில மாத அப்டேட்டுகளிலேயே நிரம்பிவிடும். 64 குறைந்தபட்சம், 128 நிம்மதி. கார்டு வாங்கும்போது ஏ1 என்ற குறி இருப்பதைப் பாருங்கள். சின்னச் சின்ன கோப்புகளை வேகமாகப் படிக்க அதற்கென்று ஒரு குறைந்தபட்சத் தரம் உண்டு.

கேள்வி: முக்கியமாகத் தமிழ்ப் புத்தகங்களும் பழைய இதழ்களின் பிடிஎஃப்களும் படிக்கத்தான் வாங்குகிறேன். 1340 × 800 திரை போதுமா? கண் வலிக்காதா?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

8.7 அங்குலத்தில் 1340 × 800 என்றால் அங்குலத்துக்கு சுமார் 179 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகள். 2013-இல் வந்த இரண்டாவது நெக்சஸ் 7-இல் இது 323. பத்து வருடத்துக்குப் பிறகு வந்த பட்ஜெட் டேப்களில் கூர்மை குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

ஆங்கில எழுத்து நேர்கோடும் பெரிய வளைவுமாக இருப்பதால் குறைந்த பிக்சலிலும் தப்பித்துவிடும். நம் எழுத்து சுழிகளால் ஆனது. 'ன' வுக்கு இரண்டு சுழி, 'ண' வுக்கு மூன்று. எழுத்து சிறிதாகும்போது அந்த மூன்றாவது சுழிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று பிக்சல்தான், கறுப்புத் திட்டாகிவிடும். மனம் வார்த்தையைப் பார்த்து ஊகித்துக்கொள்ளும், கண் களைத்துப்போகும். ஆகவே கடையில் டேப்பைக் கையில் எடுத்ததும் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் அளவில் 'கண்ணன்', 'தண்ணீர்' போன்ற சொற்களைப் பாருங்கள். சுழி பிரிந்து தெரிந்தால் அந்தத் திரை உங்களுக்குப் போதும்.

மின்னூல் இபப் வடிவில் இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம். வரிகள் தாமாகவே மடிந்துகொள்ளும். அதற்கு 179 பிக்சல் தாராளம். சிக்கல் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில்தான். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், உங்கள் திரையின் அகலம் 4.5. முழுப் பக்கத்தையும் காட்டினால் எல்லாமே ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும். 12 பாயிண்ட் அளவு எழுத்து ஆறரை பாயிண்டாகிவிடும். டேப்பைப் படுக்கவைத்து அகலத்தை நிரப்பினால் 7.5 அங்குலம் கிடைக்கும், எழுத்து 11 பாயிண்டுக்கு அருகே வந்துவிடும். பக்கத்தை இரண்டு தடவை தள்ளிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓரத்து வெள்ளையை வெட்டிக் காட்டும் பிடிஎஃப் ஆப் கிடைத்தால் இன்னும் வசதி. கிரவுன், டெமி என்ற சிறிய அளவுகளில் அச்சான பழைய புத்தகங்களுக்கு நிமிர்த்திப் பிடித்தாலே போதும்.

பெரும்பாலும் ஏ4 பிடிஎஃப் மட்டுமே படிப்பீர்கள் என்றால், சின்ன டேப் உங்களுக்கானது அல்ல. பத்து அங்குலத்துக்குப் போங்கள்.

கேள்வி: டேப் புதுசுதான், நெட்டும் வேகம்தான். ஆனால் ஓடிடியில் படம் மங்கலாகவே வருகிறது. யூடியூபில் தெளிவாக இருக்கிறது. ஏன்?

பதில்: வைட்வைன் என்ற பதிப்புரிமைப் பாதுகாப்பு முறை காரணம். உங்கள் டேப்பில் அது எல்3 நிலையில் இருக்கும். அப்படியானால் பெரும்பாலான ஓடிடிகள் எச்டி தராது. எல்1 இருந்தால்தான் தெளிவு. வாங்கிய பிறகு நம்மால் மாற்ற முடியாது. வாங்கும் முன் அந்த மாடலுக்கு எல்1 உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வைஃபை மாடலா, சிம் மாடலா? போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: வீட்டுக்குள் என்றால் வைஃபை போதும், மிச்சப்படும் பணத்தை ரேமில் போடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: வைஃபை மட்டும் உள்ள டேப்கள் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்காது. வண்டியில் வழி பார்க்க வேண்டுமென்றால் விவரப் பட்டியலில் அது இருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள். சிம் போட்டாலும் சில டேப்களில் டேட்டா மட்டும்தான், குரல் அழைப்பு வராது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமேசான் ஃபயர் எச்டி 8 மலிவாகக் கிடைக்கிறதே அண்ணா?

பதில்: அதில் கூகுள் பிளே ஸ்டோர் கிடையாது. கிண்டில் புத்தகமும் பிரைம் வீடியோவும் போதும் என்பவர்களுக்கு நல்ல பொருள். வங்கி ஆப், ஜிமெயில் என்று போகிறவர்களுக்கு ஒத்துவராது தம்பி.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, விரல் மூட்டுகளில் வலி. பேரப் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசவும் பக்திப் பாடல்கள் கேட்கவும் வேண்டும். எதைப் பார்த்து வாங்கட்டும்?

பதில்: அம்மாவுக்கு எடைதான் முதலில். சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 332 கிராம். அதற்கு முந்தைய ஏ7 லைட் 366. இவற்றைத் தாங்கலாம். அதன் மேல் தடிமனான கவர் போட்டால் அரை கிலோவைத் தொட்டுவிடும், வலிக்கிற விரலுக்கு அது பாரம். மடித்தால் தானே நிற்கும் மெல்லிய கவர் வாங்குங்கள். கையில் பிடிக்காமல் மேஜையில் நிறுத்தியே பேசலாம்.

வாங்கியதும் அரை மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். திரையின் கீழே மூன்று பொத்தான்கள் தெரியும்படி வையுங்கள். விரலை விளிம்பிலிருந்து இழுக்கும் முறை வயதானவர்களைக் குழப்பும். எழுத்தைப் பெரிதாக்குங்கள். முகப்பில் நாலு ஐந்து ஆப் மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகையோடு குரலில் தட்டச்சு செய்யும் வசதியையும் காட்டிக்கொடுங்கள். என் அத்தைக்கு அதைக் காட்டிய அன்றுதான் டேப் அவருடையதாக ஆனது. எழுதத் தயங்கியவர் அன்று மாலையே குடும்பக் குழுவில் பத்து வரி அனுப்பினார்.

கேள்வி: பழைய ஐபேட் மினி ஒன்று செகண்ட்ஹேண்டில் வருகிறது. எடுக்கலாமா?

பதில்: எந்த மினி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2015-இல் வந்த மினி 4, ஐபேட்டின் இயங்குதளமான ஐபேட்ஓஎஸ்ஸின் 15-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, வேண்டாம். 2019-இல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு ஐபேட்ஓஎஸ் 26 வரை வருகிறது, திரை அங்குலத்துக்கு 326 பிக்சல், எடை சுமார் 300 கிராம். பேட்டரி நன்றாக இருந்தால் அதே காசுக்குப் புது ஆண்ட்ராய்டு டேப்பைவிட வாசிப்புக்கு இதுவே மேல். பணம் கொடுக்கும் முன் விற்பவர் தன் கணக்கிலிருந்து முழுதாக வெளியேறி, உங்கள் கண்முன்னே டேப்பை அழித்து, புதிதாக ஆரம்பிக்கட்டும். பழைய கணக்கின் பூட்டு விழுந்த டேப் வெறும் கண்ணாடிப் பலகை.

கேள்வி: மகள் பாடக் குறிப்பு எழுத பேனா கேட்கிறாள் சார். எந்தப் பேனாவும் வேலை செய்யுமா?

பதில்: தடித்த ரப்பர் முனைப் பேனா எதிலும் கோடு போடும், ஆனால் அது விரலுக்கு மாற்று மட்டுமே. உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். நிஜமாக எழுத, திரைக்குள்ளேயே பேனாவை உணரும் அமைப்பு வேண்டும். விலை குறைந்த சின்ன டேப்களில் அது அபூர்வம். மேலே சொன்ன ஐந்தாம் தலைமுறை ஐபேட் மினி, முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலை ஏற்கும். இல்லையென்றால் இப்போதைக்கு நோட்டுப் புத்தகமே அவளுக்கு நல்லது.

கேள்வி: சமையலறைச் சுவரில் மாட்டி, எப்போதும் சார்ஜிலேயே வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நான் அப்படி ஒன்றைக் கடிகாரமாக மாட்டி வைத்திருந்தேன். பல மாதம் கழித்துத் துடைக்கப் போனபோது திரையின் ஓரம் சட்டத்திலிருந்து நகக்கண் அளவு விலகி நின்றது. பேட்டரி உப்பியிருந்தது. முழு சார்ஜிலேயே வெப்பத்தில் கிடந்தால் லித்தியம் பேட்டரி அப்படித்தான் ஆகும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது.

கேள்வி: இவ்வளவும் படித்தாயிற்று. ஒரே ஒரு மாடல் சொல்லுங்கள்.

பதில்: புதிதாக வேண்டும், ஆண்ட்ராய்டு வேண்டும், விலை அடக்கமாக வேண்டும் என்றால் சாம்சங் டேப் ஏ9-க்கு அடுத்து வந்த ஏ11-இல் 8 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பகம் உள்ள வகை. 4 ஜிபி வகையோடு ஒப்பிட்டால் கூடுதலாகக் கொடுப்பது வீண்போகாது. பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை என்று நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்குக் குறைவாக மிச்சம் இருந்தால் தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் எடுக்காதீர்கள்.

வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்: முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து ஒளிராத செத்த பிக்சல் உண்டா என்று பாருங்கள். படம் வரையும் ஆப்பில் விரலை நாலு மூலைக்கும் இழுத்து, கோடு அறுபடுகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் வீடியோ ஓட்டி முதுகுப்புறம் தொட்டுப் பாருங்கள். கடைசியாக, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் இடத்தில் வழக்கமாகப் படிக்கும் நேரத்தில் உட்கார்ந்து, இருபது பக்கம் படியுங்கள். மணிக்கட்டோ கண்ணோ முனகினால் உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள்.